படிக்காமல் போட்ட குறி

சங்கரவடிவு யாரையும் கெடுக்க நினைத்தவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்றைக்குத் தென்மாவட்டங்களில் அவள் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்காதவர்கள் குறைவு.

பாளையங்கோட்டையில், பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுவது அவள் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதையெல்லாம் ஒழுங்கு பண்ணுகிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. வேலை முடிந்து வந்தால் ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து அக்கம்பக்கத்தில் களை எடுப்பாள்.

அக்கம்பக்கம் என்பது சனங்கள் தாங்களே கட்டிக்கொண்ட பேச்சு வலை. பெரிய கம்பெனிகளின் தளங்களில் மனிதர் யார், இயந்திரம் எது என்று பிரிக்க முடியாமல் போன பிறகு வந்தது. அதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, முதலாளி கிடையாது. ஊருக்கு ஒரு கணினிப் பெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெட்டிக்காரர். இந்த ஊர்ப் பெட்டியில் எழுதுவதை அது பக்கத்து ஊர்ப் பெட்டிக்குக் கொடுக்கும், அது அடுத்ததற்குக் கொடுக்கும். கயிற்றுக் கட்டில் விலையிலிருந்து காய்ச்சல் சேதி வரை எல்லாம் அதில் ஓடியது. ஒவ்வொரு ஊருக்கும் பல அறைகள், ஒவ்வொரு அறையிலும் பேச்சு. தொலைபேசியை அதற்குள் சனங்கள் கைவிட்டிருந்தார்கள். பெற்ற மகள் குரலில்கூட இயந்திரம் பேசிப் பணம் கேட்ட காலம் அது. தெரியாத எண் என்றால் ஒருவரும் எடுப்பதில்லை.

நல்லது ஓடும் இடத்தில் குப்பையும் ஓடும் அல்லவா? கடன் தருகிறோம், பரீட்சைத் தாள் தருகிறோம், சர்க்கரைக்கு வேர் தருகிறோம் என்று வந்து விழுந்தது. அதைப் பிடுங்கத்தான் களையர்கள். பெட்டிக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த முப்பது நாற்பது பேர். ஒரு களையர் ஒரு குப்பைக்குக் குறி போட்டுக் கையெழுத்து வைத்தால் எல்லா ஊர்ப் பெட்டிகளும் அந்தக் குறிக்குப் பணியும். அதன் பிறகு அந்தக் குப்பை எந்த அறையிலும் தலைகாட்டாது.

களையர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. எதையும் படிக்கக்கூடாது. தொடக்கத்தில் படித்துத்தான் பார்த்தார்கள். படிக்கிறவனுக்குச் சாதி இருக்கிறது, கட்சி இருக்கிறது. பிடிக்காதவனை எல்லாம் குப்பை என்று குறி போட்டு, ஒரு ஊரில் வெட்டுக்குத்து வரை போய்விட்டது. அதனால் திரையில் எழுத்தே வராதபடி செய்துகொண்டார்கள். எத்தனை பிரதி, எந்தெந்த அறை, எப்போது போட்டது, அவ்வளவுதான் தெரியும். ஒரே சேதி கணக்குக்கு மேல் போனால் குப்பை. யார் சொன்னது, என்ன சொன்னது என்பது களையருக்கு வேண்டாத வேலை. வடிவுக்கு இந்த நியாயம் ரொம்பப் பிடித்திருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் நேர்மை என்று அவள் நம்பினாள், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

குப்பை வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. ஒரே சேதியை இயந்திரத்திடம் கொடுத்து ஆயிரம் விதமாக எழுதவைத்தார்கள். ஒன்றைப் போல ஒன்று இருக்காது, சாரம் மட்டும் ஒன்றாக இருக்கும். அதற்கு எதிராகக் களையர்கள் கண்டுபிடித்ததுதான் சாயல் குறி. வார்த்தை எதுவாக இருந்தாலும் சாரம் ஒத்துப்போகிறதா என்று பெட்டியே பார்த்துத் தள்ளிவிடும், களையர் படிக்கவேண்டியதில்லை. அப்படி ஒரு சாயல் குறியை வடிவு போன ஆண்டு போட்டாள். ரேஷன் கடைகளில் தண்ணீர் சுத்தம் செய்ய நீலக் குடுவை கொடுக்கிறார்களே, அதில் குடித்தால் பிள்ளைகளுக்குக் கால் விளங்காது என்று வேறொரு குடுவை விற்கிறவன் கிளப்பிவிட்ட பொய் அது. அசல் புளுகு. ஒரே நாளில் எல்லா அறைகளையும் நிறைத்த அந்தப் பொய்யை அவள் குறி ஒரே அடியில் துடைத்துவிட்டது. களையர் கூட்டத்தில் அவளைப் பாராட்டினார்கள்.

பிறகு நடந்தது பங்குனியில். தன் பழைய குறிகள் எதையெதைத் தள்ளுகின்றன என்று ஓய்வாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலக் குடுவைக் குறி இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை, புளுகன் திரும்ப முயல்வான். ஆனால் நேரங்களைப் பார்த்தபோது அவளுக்கு ஏதோ இடறியது. ஆயுசு முழுக்க நேரத்தோடு மாரடித்தவள் இல்லையா? இயந்திரம் போட்டால் சீரான இடைவெளியில் விழும், அல்லது ஒரேயடியாகக் கொட்டும். இவை அப்படி விழவில்லை. கரையோர ஊர்களில் ஞாயிறு காலை ஒன்றுகூட இல்லை, பூசை முடிகிற நேரத்துக்குப் பிறகுதான் வந்தன. உள்நாட்டு ஊர்களில் மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் பொழுதில் வந்தன. கோயில் கொடை நாளில் ஒரு ஊர் அமைதியாக இருந்தது. இயந்திரம் பூசைக்குப் போகாது, பிள்ளையைத் தூங்கவைக்காது.

அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாகக் கட்டுப்பாட்டை மீறினாள். தள்ளப்பட்டவை கிடக்கும் கழிவுப் பகுதிகளை ஊர் ஊராகத் திறந்து படித்தாள்.

எல்லாம் தாய்மார்கள் எழுதியது. நடந்துகொண்டிருந்த பிள்ளை உட்கார்ந்துவிட்டது என்று ஒருத்தி எழுதியிருந்தாள். கால் மரத்துப்போகிறது என்று அழுகிறான் என்று இன்னொருத்தி. புதிதாகக் கொடுத்த நீலக் குடுவையை நிறுத்திய பிறகு கொஞ்சம் தேவலை, வேறு எங்காவது இப்படி உண்டா என்று பலபேர் கேட்டிருந்தார்கள். ஊருக்கு இரண்டு பேர், மூன்று பேர். போன வருடக் குடுவையில் இல்லாத கோளாறு புதிதாக வந்ததில் இருந்தது, புளுகன் சொன்ன பொய் ஒரு வருடம் கழித்து உண்மையாகிவிட்டிருந்தது. உண்மைக்கும் பொய்க்கும் சாரம் ஒன்றுதான், அதனால் குறி இரண்டையும் ஒன்றாகவே தள்ளியது.

ஆனாலும் ஒரு சந்தேகம் விடவில்லை. பூசை நேரம் பார்த்துப் போடுகிற அளவுக்கு இயந்திரம் தேறிவிட்டதோ? கண்ணால் பார்த்துவிடுவது என்று சனிக்கிழமை சிலுவைத்துறைக்குப் பேருந்து ஏறினாள்.

ஜெசிந்தாவின் வீடு கடற்கரைக் கோயிலுக்குப் பின்னால் இருந்தது. அவள் புருசன் கடலுக்குப் போயிருந்தான். பேருந்துக் கழகத்தில் வேலை, பிள்ளைகள் உடம்பு பற்றிக் கேள்விப்பட்டு வந்தேன் என்று வடிவு பெயரைச் சொல்லாமல் பாதி உண்மையாகச் சொன்னாள். ஜெசிந்தா கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். மூன்று வயது ரீகன் பாயில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். படகு கைக்கெட்டாத தூரம் போனதும் அவன் எழவில்லை. அம்மாவைப் பார்த்தான். அவள் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தாள். எத்தனை தடவை எடுத்துக் கொடுத்துப் பழகியிருந்தால் அப்படிச் செய்ய வரும் என்று வடிவு நினைத்தாள்.

ஆசுபத்திரியில் சூடு என்றார்களாம், சத்துக் குறைவு என்றார்களாம். ஊரில் இரண்டே பிள்ளைகளுக்கு இப்படி. இரண்டு பிள்ளைகளுக்காக யார் மெனக்கெடப் போகிறார்கள்?

"வேற ஊர்லயும் இப்படி இருக்கான்னு அக்கம்பக்கத்துல எழுதுனேங்க்கா," என்றாள் ஜெசிந்தா. "மறுபடி மறுபடி எழுதுனேன். ஒருத்தரு ஒரு வார்த்த கேக்கலியே. கட்டில் விக்கிதியான்னு கேட்டா நூறு பேரு வாராவ. எம்பிள்ள நடக்கலன்னா ஒருத்தரும் வரல. சரி, நமக்கு மட்டும் வந்த சோதனன்னு உட்டுட்டேன்."

எழுதியவளின் திரையில் அது எழுதியபடியே இருக்கும். மற்றவர் கண்ணுக்குத்தான் போகாது. குப்பை வியாபாரிக்குத் தான் மாட்டிக்கொண்டது தெரியக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதே ஏற்பாட்டால் இவள் உலகத்தில் ஒருவருக்கும் இரக்கம் இல்லை என்று முடிவுகட்டியிருந்தாள். அது நான்தான் என்று சொல்ல வடிவு வாயெடுத்தாள். சொல்லவில்லை. பயம், வேறென்ன? மற்ற ஊர்களிலும் இருக்கிறது, குடுவையைத் தொடவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். ஜெசிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வேற ஊர்லயும் இருக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அந்தப் பிடியில் இருந்த நிம்மதியை வடிவால் தாங்கமுடியவில்லை.

திரும்பி வந்து குறியை நீக்கப் பார்த்தாள். முடியாது. முன்பு ஒரு களையரின் கையெழுத்துச் சாவியைக் குப்பைக் கும்பல் திருடி, அவர் போட்ட குறிகளையெல்லாம் ஒரே நாளில் நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு, போட்ட குறியைப் போட்டவரால்கூட நீக்க முடியாது என்று சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தைக் கொண்டுவரச் சொல்லி அதிகம் பேசியது வடிவுதான். பெட்டிக்காரர்களுக்கு எழுதினாள், நீலக் குடுவையால் பிள்ளைகள் கால் விளங்காமல் போகிறார்கள், என் குறி தவறு என்று. அவள் சேதிக்கும் அதே சாரம். அவள் போட்ட குறியே அதைத் தள்ளிவிட்டது. குடுவையைச் சொல்லாமல் என் குறி தவறு என்று மட்டும் எழுதிப் பார்த்தாள். அப்படித்தான் குப்பைக் கும்பல் தினமும் எழுதுகிறது, யாரும் திறக்கவில்லை. அரசாங்க ஆபீசில் புகார் கொடுத்தாள். எத்தனை பிள்ளைகள், சான்று எங்கே என்று கேட்டு உட்காரவைத்தார்கள். சான்று முழுவதும் ஊர் ஊராகக் கழிவில் கிடந்தது, கழிவை யார் சான்றாக எடுப்பார்கள்?

கடைசியில் கோவில்பட்டிக்குப் போனாள். அங்கே மகிழ்வண்ணன் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவளுக்கு மூத்த களையர், அவளைக் களையராக நிறுத்தியதே அவர்தான். கடையில் ஆள் இல்லாத பொழுதாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் செம்புக் கம்பியைச் சுற்றியபடியே கேட்டார். படித்துவிட்டாள் என்றதும் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார், அதோடு சரி.

"பெட்டிக்காரங்க ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பெட்டியில இருந்து அந்தக் குறியத் தூக்கலாம்," என்றார். "நேர்ல போயிச் சொல்லணும். நீயும் நானும் ஊர் ஊராப் போனா ஒரு வருசம் ஆவும்."

"அதுவரைக்கும் புள்ளைங்க அந்தத் தண்ணியத்தான குடிக்கும் அண்ணாச்சி."

அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். கோவில்பட்டியிலும் ரேஷன் கடை இருந்தது.

"என்னத் தள்ளி வைங்க," என்றாள் வடிவு.

கம்பி சுற்றுவது நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு களையரே குப்பை போட்டுப் பிடிபட்டால், மூன்று களையர்கள் கையெழுத்து வைத்து அவரைத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைத்த கணமே அவர் அதுவரை போட்ட அத்தனை குறியும் எல்லாப் பெட்டிகளிலும் செல்லாமல் போகும். அந்த ஆள் ஆயுசுக்கும் அக்கம்பக்கத்தில் எழுத முடியாது, படிக்கலாம். சாவி திருடுபோயிருக்கலாம் என்ற சந்தேகத்தைத் தீர்க்க, அவரேதான் போட்டார், நேரில் பார்த்தேன் என்று ஒரு களையர் சாட்சி சொல்லவேண்டும். மற்ற இருவரும் எண்ணிக்கையைப் பார்த்துக் கையெழுத்து வைத்துவிடுவார்கள், அவர்கள்தான் எதையும் படிப்பதில்லையே.

"சாட்சி நானா?"

"வேற யாருகிட்ட போயி நான் கேக்க?"

மகிழ்வண்ணனுக்குக் கோபம் வந்தது. அவள் போட்ட மற்றக் குறிகளை நினைத்துப் பார்த்தாளா என்று கேட்டார். சர்க்கரைக்கு வேர் விற்று ஒரு கிழவரைச் சாகடித்தானே, அவன் மறுபடி வருவான். பரீட்சைத் தாள்காரன் வருவான். அவள் யோசித்திருந்தாள். அவற்றை அவர் உடனே உட்கார்ந்து தன் கையெழுத்தில் திரும்பப் போடவேண்டும், நீலக் குடுவை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. இடையில் சிலர் ஏமாறத்தான் செய்வார்கள். அதையும் அவள் ஒப்புக்கொண்டாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் அவர், குரல் தணிந்து. "ரெண்டு பேரும் பேசி வச்சுச் செஞ்சதுன்னு தெரிஞ்சா தள்ளி வச்சதே செல்லாது. ஒங்குறி எல்லாம் அந்த நிமிசமே திரும்பி வந்துரும். குடுவையும் சேத்துத்தான். அப்ப நான் சாவுற மட்டும் வாயத் தொறக்க முடியாது, தெரியும்லா? ஊரு ஒன்னக் காறித் துப்பும், நான் பாத்துக்கிட்டு இருக்கணும்."

"இருங்க. எனக்காவ ஒரு வார்த்த பேசிராதிய, அது போதும்."

அந்த வாரமே அவர் பாளையங்கோட்டைக்கு வந்தார். குப்பை போட உட்கார்ந்தபோதுதான் வடிவுக்குக் குப்பை எழுதவே தெரியாது என்பது தெரிந்தது. கழிவில் கிடந்ததைப் படித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். மருந்து என்று போட்டால் யாராவது நம்பி வாங்குவார்கள், கடன் என்றால் வந்து கேட்பார்கள். யாரும் கெடாத ஒன்று வேண்டும். யோசித்து யோசித்து, பழைய குடைகள் பழுது பார்த்துத் தரப்படும் என்று விலாசம் இல்லாமல் எழுதினாள். மகிழ்வண்ணன் படித்துவிட்டு முதன்முதலாகச் சிரித்தார். பிறகு அவள் அதை எல்லா ஊர்களின் எல்லா அறைகளிலும் போட்டாள். அப்படியும் நாலைந்து பேர் கடை எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள், தூத்துக்குடியில் ஒரு அம்மாள் தன்னிடம் மூன்று குடை இருப்பதாகவும் எழுதியிருந்தாள்.

மூன்று கையெழுத்தும் விழுந்தன. வடிவின் பெயர் கறுப்பாகிவிட்டது.

அதன் பிறகு நடந்ததை அவள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்து படித்தாள். கழிவில் கிடந்தவை ஒவ்வொன்றாக அறைகளுக்கு ஏறின. சிலுவைத்துறை ஜெசிந்தாவுக்குக் கழுகுமலையிலிருந்து பதில் வந்தது. எங்க வீட்டிலயும் என்று சாத்தான்குளம் சொன்னது. ஊருக்கு இரண்டு மூன்றாக இருந்தவர்கள் ஒன்றுகூடியபோது நூற்றுக்கணக்கில் ஆனார்கள். நெல்லையில் ஒரு டாக்டர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிவரச் சொன்னார், சீக்கிரம் நிறுத்தினால் கால் திரும்பும் என்றார். ரேஷன் கடை வாசலில் நீலக் குடுவைகள் மலையாகக் குவிந்தன. கூடவே குப்பையும் கொட்டியது. வேர் விற்கிறவனும் வந்தான், பழைய புளுகனும் பார்த்தாயா அன்றே சொன்னேன் என்று தன் குடுவையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மகிழ்வண்ணன் சோறு தண்ணி இல்லாமல் களை எடுத்துக்கொண்டிருந்தார். புளுகன் பக்கம் மட்டும் போகவில்லை. அவன் மேல் கை வைத்தால் தாய்மார்களும் கூடவே போவார்கள்.

இதுவரை நினைத்தபடிதான். அப்புறம் சங்கரன்கோவில் பெட்டிக்காரர், ஒரு கணக்கு வாத்தியார், பொது அறையில் ஒரு கேள்வி கேட்டார். பதினோரு வருடம் நல்ல பெயர் எடுத்த பெண், விலாசம் இல்லாத குடைக் கடைக்காக ஏன் பெயரைக் கெடுத்துக்கொள்ளவேண்டும்? அவள் குறி செல்லாமல் போன நேரமும் தாய்மார்கள் பேச்சு அறைகளில் ஏறிய நேரமும் ஒன்றாக இருக்கிறதே, இது பேசிவைத்துச் செய்ததா? சாட்சி சொன்னவர் பதில் சொல்லட்டும்.

பேசிவைத்தது என்று முடிவானால் எல்லாம் போயிற்று. நெல்லைக்குக் கிளம்பிய தாய்மார்கள் ஒருவரையொருவர் தொலைத்துவிடுவார்கள், இன்னும் தெரியாத ஊர்களுக்குத் தெரியாமலே போய்விடும். மகிழ்வண்ணன் பொய் பேசிப் பழகாத மனிதர். அதிலும் அவளை மகளைப் போல நினைக்கிறவர். மனசு பொறுக்காமல் அந்தப் பிள்ளை நல்லவள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

அவர் எழுதுவதற்கு முன் ஜெசிந்தா எழுதினாள்.

"இதுல என்ன கணக்கு இருக்கு? குடுவைக் கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டு எங்க வாயப் பொத்துனவ அவதான். ருசி கண்டவ, பொறவு குடைக்காரன்கிட்டயும் வாங்கியிருக்கா. எம்பிள்ள ரெண்டு மாசமாப் பாயில கெடந்தான். நான் கத்துனது ஒருத்தருக்கும் கேக்காமப் பண்ணுன பாவி அவ. கோவில்பட்டி அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. அவ காசு வாங்குனாளா, இல்லையா?"

எல்லா அறைகளும் காத்திருந்தன. தன்னையறியாமல் வடிவு பதில் எழுதும் கட்டத்தைத் தொட்டாள், அது அசையவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நிம்மதிப்பட்ட ஜெசிந்தாவின் முகம் கண்முன் வந்தது. வாங்கவில்லை, ஒரு காசு வாங்கவில்லை என்று அந்த ஒருத்தியிடம் மட்டுமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அதே மூச்சில், மகிழ்வண்ணன் அதைச் சொல்லிவிடக்கூடாதே என்றும் வேண்டிக்கொண்டாள். சொல்லிருங்க அண்ணாச்சி, வாங்குனான்னு சொல்லிருங்க என்று வாய்விட்டே முணுமுணுத்தாள்.

வெகுநேரம் கழித்து மகிழ்வண்ணனின் பதில் வந்தது.

"ஆமா தாயி. வாங்கியிருக்கா. எனக்கு முன்னமே தெரியும்."

கணக்கு வாத்தியார் அதற்குமேல் கேட்கவில்லை. கீழே திட்டு ஒவ்வொன்றாக வந்து சேரத் தொடங்கியது. வடிவு அந்தப் பதிலை விட்டுக் கண்ணை எடுக்காமல் அழுதாள், வலி தாங்காமல் அழுதாள், அவர் சொல்லிவிட்டாரே என்ற நன்றியிலும் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு விளாத்திகுளம் அறையைத் திறந்து, அங்கே குடுவைகளைத் தூக்கி எறிந்துவிட்டார்களா என்று பார்த்தாள்.